மீளக்குடியேறும் ஊரில் பெற்றாரும் பாடசாலையும்

காணி விடுவிக்கப்பட்ட செய்தி கிடைத்து ஊருக்குள் கால் வைக்கும் குடும்பம் முதலில் எதைப் பார்க்கும்? எல்லைக் கல் நிற்கிறதா, கிணற்றை இறைத்து எடுக்கலாமா, பற்றையை வெட்ட எத்தனை நாள் செல்லும், கூரை போட உதவி எப்போது வரும் என்பவற்றைத்தான். பாடசாலை பற்றிய யோசனை அதற்குப் பிறகே வருகிறது. "இப்போதைக்குப் பிள்ளை பழைய இடத்திலேயே படிக்கட்டும்" என்று பலரும் தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஆனால் அதன் விளைவு உங்கள் பிள்ளையோடு நிற்பதில்லை, ஊர்ப் பாடசாலையையும் தொடுகிறது. அதனாற்றான் வீடு, நீர், மலசலகூடம், வாழ்வாதாரம் ஆகியவற்றோடு பாடசாலைக்கும் இந்தக் கைநூலில் ஓர் இடம் ஒதுக்கியுள்ளோம்.

நாங்கள் எங்கிருந்து திரும்புகிறோம்

வலிகாமம் வடக்கு மக்கள் 1990 யூன் மாதத்தில் இடம்பெயர்ந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கும் அங்கிருந்து வன்னிக்கும் பெயர்ந்தது. 1996இல் ஏனைய பகுதி மக்கள் வீடு திரும்பியபோதும், உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட ஊர்களின் மக்கள் திரும்ப முடியவில்லை. மல்லாகம் கோணாப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை போன்ற நலன்புரி நிலையங்களிலும், உறவினர் காணிகளிலும், வாடகை வீடுகளிலும் ஒரு தலைமுறையே வளர்ந்தது. தமிழகம் சென்று அங்கிருந்து திரும்பியவர்களும் இருக்கிறார்கள்.

மக்கள் இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளும் இடம்பெயர்ந்தன. வேறொரு பாடசாலையின் வளவிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் வகுப்புகள் நடந்தன. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி 1990இல் விட்டுப் பிரிந்த சொந்த வளாகத்துக்கு 2016இல், 26 ஆண்டுகளுக்குப் பின்னரே திரும்பியது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 யூலையில் விடுவிக்கப்பட்டது. இப்படிக் கட்டம் கட்டமாக ஊர் திறக்கப்படும்போது, பாடசாலை ஒரு வேகத்திலும் குடும்பங்கள் இன்னொரு வேகத்திலும் வந்து சேர்கின்றன. கட்டடம் இருக்கிறது, பிள்ளைகள் இல்லை. அல்லது பிள்ளைகள் வந்துவிட்டார்கள், தளபாடமும் ஆசிரியரும் போதவில்லை. இந்த இடைக்காலந்தான் பெற்றாருக்கும் பாடசாலைக்கும் இடையே கசப்பு உண்டாகும் காலம்.

சிறிய பாடசாலை ஏன் மேலும் சிறிதாகிறது

அரச பாடசாலைகளுக்கு ஆசிரியர் ஆளணி மாணவர் தொகையை அடிப்படையாகக் கொண்டு கணிக்கப்படுகிறது. மாணவர் குறைந்தால் ஆசிரியர் குறைவர். கணிதத்துக்கோ ஆங்கிலத்துக்கோ ஆசிரியர் இல்லையென்றால், வசதியுள்ள பெற்றார் பிள்ளையை வானில் ஏற்றி நகரப் பாடசாலைக்கு அனுப்புவார்கள். மாணவர் தொகை இன்னும் குறையும். கடைசியில் வானுக்குக் காசு கொடுக்க இயலாத குடும்பங்களின் பிள்ளைகள் மட்டும் ஊர்ப் பாடசாலையில் மிஞ்சுவார்கள். இந்தச் சுழலை யாரும் வேண்டுமென்று உண்டாக்குவதில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளைக்கு நல்லதையே நினைக்கிறது.

இந்தச் சுழலை நிறுத்துவதற்குப் புதிய மாடிக் கட்டடம் மட்டும் போதாது. "இந்தப் பாடசாலையில் என் பிள்ளையைக் கவனிப்பார்கள், நான் போய்க் கதைத்தால் காது கொடுப்பார்கள்" என்ற நம்பிக்கை பெற்றாருக்கு வேண்டும். "இந்த ஊர்ச் சனம் எங்களோடு நிற்கும்" என்ற நம்பிக்கை ஆசிரியருக்கு வேண்டும். பிணக்கு வந்த பிறகு இந்த நம்பிக்கையைத் தேட முடியாது. பிணக்கு வருமுன் கதைத்துப் பழகியிருந்தால்தான் பிணக்கு வரும்போதும் கதைக்கலாம். இக்கட்டுரை சொல்ல வருவது இதுதான்.

பாடசாலை எங்களுக்கு அந்நியமானதல்ல

யாழ்ப்பாணத்தில் பாடசாலைகள் ஊர் மக்களின் கையால் வளர்ந்தவை. அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையில் 1816இல் தொடங்கிய பள்ளியே இன்றைய யூனியன் கல்லூரி. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஆரம்பித்தார். பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் மகாஜனாக் கல்லூரியை நிறுவினார். பெயர் பெற்ற இந்தப் பள்ளிகளுக்கு அப்பால், காணி தந்தவர், பனைமரம் தந்தவர், வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்தவர் என்று ஊருக்கு ஊர் கதைகள் உண்டு. 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்ற பிறகு நிர்வாகம் கல்வித் திணைக்களத்துக்குப் போனது. ஊரின் உறவு அதனால் அறுந்துவிடவில்லை.

அதே வரலாற்றில் மறக்கக் கூடாத இன்னொரு பக்கமும் உண்டு. சாதியின் பெயரால் சில பிள்ளைகளை நிலத்தில் இருத்திய காலம் இருந்தது. 1920களின் இறுதியில் சம ஆசனம் வழங்கவேண்டும் என்று பணிக்கப்பட்டபோது அதை எதிர்த்தவர்களும் எங்கள் மத்தியில் இருந்தார்கள். இன்று எந்தப் பாடசாலையிலும் தனி வாங்கு இல்லை. ஆனால் பெற்றார் கூட்டத்தில் யார் முன்வரிசையில் இருக்கிறார்கள், யாருடைய பேச்சு குறிப்பேட்டில் எழுதப்படுகிறது, முகாமிலிருந்து நேரடியாக வந்த தாய் வாய் திறக்கிறாளா என்று பாருங்கள். மதிப்பு என்று நாங்கள் சொல்வது இந்தச் சிறிய இடங்களிலேயே தெரியவரும்.

இரண்டு பக்கத்துச் சுமை

மீளக்குடியேறிய வீட்டில் காலை நேரம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் தூரத்தில். சமையல் தற்காலிகக் கொட்டிலில். தகப்பன் கடலால் வந்து சேரவில்லை, தாய் தோட்ட வேலைக்குப் போகவேண்டும். வெங்காயம் கிண்டும் நாட்களில் பெரிய பிள்ளை சின்னதைப் பார்க்க வீட்டில் நிற்கும். சீருடை ஒன்றே ஒன்று, அதுவும் மழையில் காயவில்லை.

ஆசிரியர் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கும். அதற்கு வந்து சேர, தூரத்திலிருந்து வரும் ஆசிரியை விடியப் புறப்பட்டு, சில வேளை இரண்டு பஸ் மாறுகிறார். ஆசிரியர்களிலும் வீடு இழந்தவர்கள், உறவுகளை இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஆசிரியை இரண்டு தரங்களைச் சேர்த்துக் கற்பிக்கும் பாடசாலைகளும் உண்டு. அவருடைய வகுப்பில் வாசிக்கத் தெரிந்த பிள்ளையும், இடம் மாறி மாறி எழுத்துத் தவறவிட்ட பிள்ளையும், தமிழகத்தில் படித்துவிட்டு வந்து சிங்களப் பாடத்தை முதன்முதலாகக் காணும் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

இந்த இரண்டு சுமைகளும் ஒன்றையொன்று காணாதபோது, பெற்றாருக்கு ஆசிரியை "அக்கறையில்லாதவர்" ஆகிறார். ஆசிரியைக்குப் பெற்றார் "பொறுப்பில்லாதவர்" ஆகிறார்கள். இரண்டும் பெரும்பாலும் உண்மையல்ல.

படலையடியில் கதைப்பதும் இருந்து கதைப்பதும்

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். தரம் 4 படிக்கும் பிள்ளை ஒரு கிழமையில் மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் பிந்தி வருகிறது. தாய் படலையடியில் நிற்கிறார்.

"நாளாந்தம் பிந்தி வந்தால் நான் என்ன செய்யிறது? உங்களுக்குப் பிள்ளையின்ர படிப்பில அக்கறை இல்லையோ?" என்று மற்றவர்கள் முன்னிலையில் ஆசிரியை கேட்கிறார். "நீங்களும் பஸ் பிந்தினால் பிந்தித்தானே வாறியள்" என்று தாய் திருப்பிச் சொல்கிறார். அன்று மாலையே ஊரில் இரண்டு விதமான கதை உலாவும். பிள்ளை அடுத்த நாள் பாடசாலைக்குப் போக மறுக்கும். இருவர் சொன்னதிலும் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் சொன்ன இடமும் விதமும் பிள்ளைக்கு உதவவில்லை.

இதையே இப்படியும் கதைக்கலாம். "அம்மா, பிள்ளை மூண்டு நாளாய் வரேல்லை. வீட்டில ஏதும் கஷ்டமோ? இடைவேளைக்கு வந்தீங்களெண்டால் இருந்து கதைப்பம்." தாயும் இப்படிச் சொல்லலாம்: "ரீச்சர், வெங்காயம் கிண்டிற கிழமை, தங்கச்சியைப் பார்க்க ஆளில்லை. திங்கக்கிழமை தொடக்கம் கட்டாயம் அனுப்புவன். விட்ட பாடத்தை எப்படிப் பிடிக்கிறது எண்டு சொல்லுங்கோ." இங்கே காரணம் தெரிந்துவிட்டது, ஒரு நாள் குறிக்கப்பட்டது, அடுத்து என்ன செய்வது என்பதும் பேசப்பட்டது. யாருக்கும் அவமானம் இல்லை.

இப்படிக் கதைப்பதற்குச் சில எளிய நடைமுறைகள் உதவும்:

• பிள்ளை வராத நாளில், முடிந்தால் அன்றே, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமாவது ஒரு துண்டு எழுதி அனுப்புங்கள்.

• ஆசிரியரைச் சந்திக்கப் பாட நேரத்தில் வகுப்பு வாசலுக்குப் போகாதீர்கள். அதிபரிடம் சொல்லி நேரம் கேளுங்கள்.

• முதலில் வகுப்பாசிரியர், பிறகு பகுதித் தலைவர் அல்லது உப அதிபர், பிறகு அதிபர் என்ற ஒழுங்கில் போங்கள்.

• பிள்ளைக்கு முன்னால் ஆசிரியரைப் பழித்துப் பேசாதீர்கள். ஆசிரியரும் பிள்ளைக்கு முன்னால் வீட்டைப் பழிக்கக் கூடாது.

• எழுத வாசிக்கச் சிரமப்படுபவர்கள் அதை மறைக்க வேண்டியதில்லை. கடிதத்தை வாசித்துச் சொல்லும்படி கேட்பது உங்கள் உரிமை.

பாடசாலையில் சேர்க்கும்போது

இலங்கையில் 1998 சனவரி முதல் 5 வயது தொடக்கம் 14 வயது வரை கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் இது 16 வயது வரை நீடிக்கப்பட்டது. ஆகவே "ஆவணம் சரிவந்த பிறகு சேர்ப்போம்" என்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். கைவசம் உள்ளதை எடுத்துக்கொண்டு அதிபரிடம் போங்கள்: பிறப்புச் சான்றிதழ், முன்னைய பாடசாலையின் விடுகைப் பத்திரம், தேர்ச்சி அறிக்கை, தடுப்பூசி அட்டை, கிராம அலுவலரின் வதிவிடக் கடிதம். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். அதிபர் சேர்க்க மறுத்தால் காரணத்தைக் கேட்டு, கோட்டக் கல்வி அலுவலகத்துக்கோ வலயக் கல்வி அலுவலகத்துக்கோ செல்லுங்கள். வலிகாமம் வடக்குப் பாடசாலைகள் வலிகாமம் கல்வி வலயத்தில் அடங்கும்.

இந்தியாவில் பிறந்த பிள்ளைகளின் பெற்றார், பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதிந்துகொண்டு வருவது நல்லது. பதியாமல் வந்திருந்தால் பிரதேச செயலகத்தில் வழி கேளுங்கள், தாமதிக்க வேண்டாம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் காலம் வரும்போது இந்த ஆவணங்கள் பெரும் சிக்கலாகும்.

சேர்க்கும் நாளிலேயே வகுப்பாசிரியருக்குத் தெரியவேண்டியதைத் தனியாகச் சொல்லுங்கள். பிள்ளை எத்தனை பாடசாலை மாறியது, இரவில் பயந்து எழும்புகிறதா, பெருஞ்சத்தத்துக்கு நடுங்குகிறதா, வீட்டில் யார் இல்லை என்பன. தாய் தகப்பனை இழந்த பிள்ளையிடம் "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று ஆசிரியர் தெரியாமல் சொல்லிவிடுவது எவ்வளவு வலிக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். இவை இரகசியமாக இருக்கவேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை.

பாடசாலை அபிவிருத்திச் சங்கம்

ஒவ்வொரு அரச பாடசாலையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கவேண்டும். அதிபரே அதன் தலைவர். ஆசிரியர்களும் பெற்றாரும் பழைய மாணவர்களும் நலன்விரும்பிகளும் அதில் இடம்பெறுவர். பொதுக்கூட்டத்தில் செயற்குழு தெரிவுசெய்யப்படும். பலர் இந்தக் கூட்டத்தைக் "காசு கேட்கிற கூட்டம்" என்றே நினைத்துத் தவிர்க்கிறார்கள். அங்கே போகாதவர்களின் தேவை அங்கே பேசப்படாது.

கூட்ட நேரத்தை ஊருக்கு ஏற்றபடி வைக்கும்படி கேளுங்கள். கடலுக்குப் போகும் ஊரில் காலைக் கூட்டத்துக்குத் தகப்பன்மார் வரமாட்டார்கள். கூலிக்குப் போகும் தாய்மார் அரைநாள் சம்பளத்தை இழந்தே வரவேண்டும். பின்னேரம் 4 மணிக்கு வைத்தால் வருகை மாறும். பணமாகக் கொடுக்க முடியாதவர்கள் உழைப்பாகக் கொடுக்கலாம்: சிரமதானம், வேலியடைப்பு, ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் உணவு தயாரிப்பில் கைகொடுத்தல், இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு மைதானம் துப்புரவாக்கல். வாணி விழா, ஒளிவிழா, பரிசளிப்பு, ஒக்ரோபர் 6 ஆசிரியர் தினம் போன்ற நாட்களில் பாடசாலைக்குப் போவது முறைப்பாடு இல்லாமல் போகும் நாளாக அமையும். அப்படிப் போய்ப் பழகியவருக்கு முறைப்பாட்டோடு போவதும் இலகுவாகும்.

விட்டுக்கொடுக்கக் கூடாத விடயங்கள்

மதிப்போடு நடப்பது என்பதற்கு எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வது என்று பொருள் இல்லை. மூன்று விடயங்களில் தெளிவாக இருங்கள்.

முதலாவது, அடி. "நல்லா அடிச்சுப் படிப்பியுங்கோ" என்று நாங்களே ஆசிரியரிடம் சொல்லும் வழக்கம் உண்டு. கல்வி அமைச்சின் 12/2016 இலக்கச் சுற்றறிக்கை பாடசாலையில் உடல் தண்டனைக்கு இடமில்லை என்கிறது. போர் கண்ட பிள்ளைக்கு அடி இன்னும் ஆழமாகப் படும். அடிக்கச் சொல்லாதீர்கள், அடித்தால் பேசாமல் இருக்கவும் வேண்டாம்.

இரண்டாவது, பணம். இந்நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி உண்டு. பாடநூலும் சீருடையும் அரசினால் வழங்கப்படுகின்றன. சங்கத்துக்குக் கொடுக்கும் எந்தப் பணத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். காசு கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்துவது சரியல்ல. நேர்மையான அதிபருக்கும் பற்றுச்சீட்டே பாதுகாப்பு.

மூன்றாவது, பாதுகாப்பு. விடுவிக்கப்பட்ட பகுதிகளில் பற்றைக்காடுகளும் பாழடைந்த வீடுகளும் கிணறுகளும் இன்னும் உள்ளன. பிள்ளைகள் நடந்துவரும் பாதையைப் பெற்றாரும் ஆசிரியர்களும் ஒன்றாக நடந்து பாருங்கள். குறுக்கு வழிகளை விலக்குங்கள். சந்தேகமான பொருளைத் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவிக்கச் சொல்லிக்கொடுங்கள். பாடசாலையிலோ வழியிலோ வீட்டிலோ பிள்ளைக்குத் துன்புறுத்தல் நேர்ந்ததாகத் தெரிந்தால், அதைச் "சமாளித்து" விடவேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் நாடலாம்.

அதிபர், ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

இந்தக் கைநூல் உங்கள் கைக்கும் வரும். புதிதாக வந்த குடும்பத்தை முதல் நாள் நீங்கள் வரவேற்கும் விதம் நீண்ட காலம் நினைவில் நிற்கும். பிள்ளை செய்த குழப்படிக்கு மட்டும் பெற்றாரை அழைத்தால், பாடசாலைக் கடிதம் என்றாலே அவர்கள் பயப்படுவார்கள். ஒரு தவணைக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு நல்ல செய்தியை வீட்டுக்கு அனுப்புங்கள். "முகாம் பிள்ளைகள்" என்ற சொல்லை ஆசிரியர் அறையிலும் பயன்படுத்தாதீர்கள். அது வகுப்பறைக்கும் கேட்கும்.

இந்தத் தவணையில் செய்யக்கூடியவை

• பிள்ளையின் வகுப்பாசிரியர் பெயரையும் அவரைச் சந்திக்கக்கூடிய நேரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்.

• உங்கள் தொலைபேசி இலக்கம் மாறியிருந்தால் பாடசாலைக்குக் கொடுங்கள்.

• அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு அயலில் உள்ள இன்னொரு குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

• வேலை அதிகமான மாதங்களில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்க அயலவர்களுடன் முறை வையுங்கள்.

• பிள்ளையை நகரப் பாடசாலைக்கு மாற்ற நினைத்தால், மாற்றுமுன் ஊர்ப் பாடசாலை அதிபரிடம் காரணத்தைச் சொல்லுங்கள். அதே குறையை வேறு நான்கு பெற்றாரும் சொன்னால், அது வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதக்கூடிய கோரிக்கையாகும்.

வீடு கட்ட உதவி வரும், கிணறு இறைக்க உதவி வரும். பாடசாலையோடு உறவை வேறொருவர் வந்து கட்டித்தர முடியாது. நாளைக் காலை பிள்ளையைக் கொண்டுபோய் விடும்போது, படலையடியில் திரும்பிவிடாமல் உள்ளே போய் ஆசிரியைக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள். அங்கிருந்தே தொடங்கலாம்.